ஆனைமலை முதல் பத்துமலை வரை: வேட்டைப்பாடியும் குடிமரபும்

பத்துமலையின் பெயரை நம் மாணவர் பலர் பத்து என்னும் எண்ணோடு இயைத்தே பொருள் கொள்கின்றனர். மலாய் மொழியில் 'பத்து' என்பது கல்லைக் குறிக்கும். அருகில் ஓடும் பத்து ஆற்றின் பெயரே குன்றுக்கும் ஆயிற்று. தம்புசாமிப் பிள்ளையின் முயற்சியால் முருகன் கோயில் அங்கே எழுந்ததும், 1892 முதல் தைப்பூசம் நிகழ்ந்து வருவதும் நாம் அனைவரும் அறிந்தவை. அதற்குப் பதினான்கு ஆண்டுகள் முன்னர், 1878-இல், வில்லியம் ஹார்னடே என்னும் அமெரிக்க விலங்கியலார் அக்குகைகளைக் 'கண்டுபிடித்தார்' என்று வழிகாட்டி நூல்கள் எழுதுகின்றன. இச்சொல்லை நாம் ஏற்பதற்கில்லை. தெமுவான் பழங்குடியினர் வழிவழியாக ஒதுங்கியிருந்த குகைகள் அவை. காட்டுக்குள் வழி காட்டியவர்களும் அப்பழங்குடியினரே.

ஹார்னடே வேட்டைக்காரர். நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரில் அருங்காட்சியகங்களுக்கு விலங்குத் தோலும் எலும்புக்கூடும் விற்கும் வார்டு நிறுவனத்திற்காக 1876-இல் கீழ்த்திசை நோக்கிப் புறப்பட்டவர். சிலாங்கூருக்கு வருவதற்கு முன் அவர் நெடுநாள் தங்கிய இடம் எது என்பது நம் கட்டுரைக்கு முதன்மையானது. 1877-இல் அவர் பாடியமைத்துத் தங்கியது ஆனைமலையில், தூணக்கடவு என்னும் இடத்தில். பரம்பிக்குளம் – ஆழியாறு திட்டத்தின் அணைகளுள் ஒன்றுக்கு இன்று அப்பெயர் வழங்குகிறது. அங்கிருந்து இலங்கை, அதன்பின் மலாயா, இறுதியாகப் போர்னியோ. நம் முன்னோர் கப்பலேறி வந்த திசையும் ஏறத்தாழ அதுவே. அவர்கள் வந்த காரணம்தான் வேறு.

ஆனைமலைப் பாடியில் அவருக்குத் தடம் பார்த்துக் கொடுத்தவர்கள் காடரும் மலசரும். இப்பெயர்களை அவர் தம் செவிக்கு எட்டியவாறு ஆங்கிலத்தில் எழுதினார். யானையின் அடிச்சுவட்டில் ஈரம் எவ்வளவு, சாணம் எத்தனை நாழிகைக்கு முந்தியது, ஒடிந்த கிளையில் பால் வடிகிறதா, காய்ந்துவிட்டதா என்பவற்றையெல்லாம் பார்த்துச் சொன்னவர்கள் அவர்கள். சுட்டவர் அவர். 1885-இல் வெளிவந்த அவருடைய பயண நூலில் விலங்குகளின் அளவு அங்குலக் கணக்கில் இருக்கிறது. காடர் தம் மொழியில் அத்தடங்களை எவ்வெப் பெயரால் வேறுபடுத்தினர் என்பது அவர் தேடிச் சென்ற பொருளன்று. காடர் பேச்சு தமிழுக்கும் மலையாளத்திற்கும் மிக நெருங்கியது. மொழியியலாராகிய நமக்கு அந்த இழப்பு உறுத்துகிறது.

பத்துமலைக்கு அவரோடு சென்றவர் சிலாங்கூர்க் காவல்துறைத் தலைவர் சையர்ஸ். அவரும் வேட்டையில் பெருவிருப்பினர். 1897-இல் பகாங்கில் செலாடாங் எனப்படும் காட்டெருது குத்தியதால் உயிர் துறந்தார். ஹார்னடேயோ பின்னாளில் நியூயார்க் விலங்குப் பூங்காவின் முதல் இயக்குநராகி, அழிந்துவரும் காட்டுயிர்களைக் காக்க 1913-இல் ஒரு நூலே எழுதினார். மனம் மாறியவரை நாம் குறை சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் 'கொல்லாமல் விடு' என்னும் அறிவு வேட்டைக் குடிகளிடம் முன்னரே இருந்ததா என்று வினவ நமக்கு உரிமையுண்டு.

இதற்கு விடை தேடிப் பன்னிரண்டாம் நூற்றாண்டிற்குச் செல்வோம். வேட்டைக் குடும்பம் ஒன்று தன் மரபைத் தந்தையிடமிருந்து மகனுக்கு மாற்றித் தரும் நிகழ்ச்சியைச் சேக்கிழார் போல் விரிவாகச் சொன்னவர் தமிழில் பிறரிலர் என்பது நம் கருத்து. பெரிய புராணத்தின் கண்ணப்பர் வரலாற்றை நாம் கண்ணை இடந்து அப்பிய அன்பின் கதையாகவே வகுப்பறையில் நடத்துகிறோம். அதன் முற்பகுதி ஒரு குடியின் தொழில் வரலாறு.

பொத்தப்பி நாட்டு உடுப்பூரில் வேடர் தலைவன் நாகன், மனைவி தத்தை. நெடுநாள் பிள்ளையின்றி முருகனை வேண்டிப் பெற்ற மகன் திண்ணன். பையனுக்கு உரிய வயதில் வில் பிடிக்கும் விழா நடக்கிறது. நாகன் முதுமையடைகிறான். அவன் முன்போல் வேட்டைக்குச் செல்ல இயலாமையால் பன்றியும் புலியும் மானும் பெருகிப் புனங்களை அழிக்கின்றன. ஊரார் வந்து முறையிடுகின்றனர். மாணவர்கள் இவ்விடத்தைக் கூர்ந்து படிக்க வேண்டும். இங்கே வேட்டை பொழுதுபோக்கு அன்று, விளைநிலக் காவல். நாகன் தன் பொறுப்பை மகனிடம் ஒப்படைக்க முடிவு செய்து, தேவராட்டியை அழைத்துக் காட்டுத் தெய்வங்களுக்குப் பூசையிடச் செய்கிறான். மகன் தந்தையினும் மிக்கவன் ஆவான் என்று அவள் வாழ்த்துகிறாள். தந்தை தோலாடையும் சுரிகையும் மகன் கையில் கொடுக்கிறான். முதன்முதல் ஆடப்போகும் அவ்வேட்டைக்குப் பெயர் 'கன்னிவேட்டை'.

பின் காட்டில் வலை கட்டுகின்றனர். நாய்களை அவிழ்க்கின்றனர். ஆரவாரம் செய்து விலங்குகளை வெளிப்படுத்துகின்றனர். இக்களேபரத்தின் நடுவே சேக்கிழார் ஒரு செய்தியை வைக்கிறார். வேடர்கள் யானைக் கன்றுகளைத் தொடரவில்லை. சிறு குட்டிகளைக் கொல்லவில்லை. கருவுற்றுத் தளர்ந்த பிணைகளை வருத்தவில்லை. அடியார் பெருமை பேச வந்த புலவர்க்கு இது தேவையற்ற செய்தி. வேட்டைக்குடிகளின் நடைமுறையை நேரில் அறிந்தோ கேட்டறிந்தோதான் எழுதியிருக்க வேண்டும் என்று நாம் கருதுகிறோம். வலையறுத்து ஓடிய ஒரு பன்றியைத் திண்ணனும் நாணனும் காடனும் துரத்திச் செல்ல, திண்ணன் அதனைச் சுரிகையால் வீழ்த்துகிறான். பொன்முகலி ஆற்றங்கரையில் தீக்கடைந்து இறைச்சியைப் பக்குவம் செய்யும் பணி காடனுக்கு. திண்ணனும் நாணனும் காளத்தி மலை ஏறுகின்றனர். மூவர், ஓர் ஆறு, ஒரு தீ. வேட்டைப்பாடி என்பது இவ்வளவே.

சென்னை மாகாணம் காட்டுயானைகளைக் காக்கச் சட்டம் இயற்றியது 1873-இல். மலேசியாவின் 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், காக்கப்பட்ட விலங்குகளின் குட்டிகளையும் பெண்விலங்குகளையும் வேட்டையாடுவோர்க்குத் தனிப்பிரிவுகளில் தண்டனை வகுக்கிறது. சேக்கிழார் சொன்ன வரிசையும் இச்சட்டத்தின் வரிசையும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதைச் சட்டம் பயிலும் மாணவர் எவரேனும் ஆராயலாம்.

சொல்லைப் பற்றியும் சிறிது கூறுவோம். வேட்டை என்பது தமிழுக்கு மட்டும் உரியதன்று. மலையாளத்தில் வேட்ட, தெலுங்கில் வேட்ட எனும் சொல்லுக்கு இனமான 'வேட', கன்னடத்தில் 'பேட்டெ'. சங்கத் தமிழில் 'வேட்டம்' கடலில் மீன் பிடிப்பதற்கும் வழங்கியது. மலைக்குறவனும் நெய்தற் பரதவனும் ஒரே சொல்லால் தம் தொழிலைச் சுட்டினர். தினைப்புனத்தில் பரணமைத்து விலங்கு விரட்டிய இடத்திற்கு 'இதணம்' என்று பெயர். அது நூலோடு நின்றுவிட்டது. 'பரண்' நம் வீட்டுச் சமையலறை மேல் ஏறிப் பழைய பாத்திரங்களைச் சுமக்கிறது.

இனி நம் கிள்ளான் பள்ளத்தாக்கு. கித்தாத் தோட்டங்களில் லயங்களில் வாழ்ந்த நம்மவர்க்கு மலை ஏறும் வேட்டை இல்லை; தோட்டத்து எல்லைக் காடுதான். காட்டுப்பன்றி அவர்களுடைய புனத்தை அழித்தது. இங்கே புனம் என்பது லயத்துக்குப் பின்னிருந்த மரவள்ளித் தோட்டம். 1942 முதல் 1945 வரை சப்பானியர் ஆட்சியில் அரிசி அரிதாகி, மரவள்ளிக்கிழங்கே உயிர் காத்த உணவானபோது, பன்றியை விரட்டுவது குடும்பத்தின் சோற்றுப் பிரச்சினையாயிற்று. உடுப்பூர் வேடரின் முறையீடும் அதுவே அன்றோ?

கிள்ளானைச் சுற்றிய தோட்டங்களில் வாழ்ந்த முதியோர் சிலரிடம் நாம் பல ஆண்டுகள் பேசியிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமையில் பிரட்டும் இல்லை, பால்வெட்டும் இல்லை. நான்கைந்து பேர் நாய்களோடு போவர். பெரியப்பா முன்னே, பையன்கள் பின்னே. துப்பாக்கி இராது, சுருக்கும் ஈட்டியுமே கருவிகள். புறப்படுமுன் தோட்டத்து முனியாண்டிக்குச் சூடம். பன்றி விழுந்தால் ஓடைக்கரையிலேயே மயிர் பொசுக்கிப் பங்கு பிரிப்பர். நாய் கொண்டுவந்தவனுக்கு ஒரு பங்கு மிகுதி; வேட்டைக்கு வராத கைம்பெண் வீட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. குட்டிகளோடு திரியும் தாய்ப்பன்றியைப் பற்றிக் கேட்டோம். "அத அடிச்சா வீட்டுக்கு ஆகாதுப்பா" என்றார் ஒருவர். அவர் பெரிய புராணம் படித்தவர் அல்லர். பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவர். புராணம் படித்த நாம்தான் அவரிடம் கேட்டறிந்தோம்.

அக்காடுகளும் தோட்டங்களும் இன்றில்லை. சுங்கை ரெங்கம் தோட்டம் ஷா ஆலம் நகராயிற்று. சீபீல்டு தோட்டத்தில் சுபாங் ஜெயாவின் வீடுகள் எழுந்தன. சுருக்கு வைப்பது இன்று கடும் தண்டனைக்குரிய குற்றம். அதில் நமக்கு மாறுபாடில்லை, ஏனெனில் சுருக்கு பன்றிக்கும் புலிக்கும் வேறுபாடு அறியாது. அவ்வேட்டை மீள வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அம்முதியவர் பன்றித் தடத்தில் பழையதற்கு ஒரு சொல்லும் அன்றைய விடியலில் பதிந்ததற்கு வேறொரு சொல்லும் வழங்கினார். முதற்சொல்லை நாம் குறித்துக்கொண்டோம். இரண்டாவதை மறுமுறை வந்து கேட்கலாம் என்று எண்ணி எழுந்தோம். பிரிக்பீல்ட்ஸில் இருந்து கிள்ளானுக்கு ரயிலில் ஒரு மணி நேரப் பயணம்தான். மறுமுறை நாம் போனபோது அவர் வீட்டில் பதினாறாம் நாள் காரியம் நடந்துகொண்டிருந்தது. பேரப்பிள்ளைகளிடம் அச்சொல்லைக் கேட்டோம். தாத்தா காட்டுக்குப் போவார் என்பதே அவர்களுக்குப் புதுச் செய்தி.