விழுந்தது எல்லைக்கு அப்பால், வழக்கு இப்பால்

கெலவரப்பள்ளி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு அணை நினைவுக்கு வரும். கர்நாடகத்தில் பிறந்து வரும் தென்பெண்ணை, பெங்களூரின் கழிவையும் சுமந்துகொண்டு நுரை பொங்க அந்த அணைக்குள் நுழைவதைச் செய்திகளில் பார்த்திருப்பார்கள். ஆற்றுக்கு எதிர்த்திசையில் தினமும் விடியற்காலையில் போகிறவர்களைப் பற்றிச் செய்தி வருவதில்லை. ஓசூர்ப் பக்கத்துக் காலனிகளிலிருந்து வேன்களில் நின்றுகொண்டே சூசூவாடி, அத்திப்பள்ளி தாண்டிப் போகும் கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுபவர், சென்ட்ரிங் அடிப்பவர்களைச் சொல்கிறோம். அவர்களில் நம் மக்கள் எத்தனை பேர் என்று காலனியில் வளர்ந்த யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

சாரம் சரிந்து ஒருவர் விழுந்துவிட்டால் குடும்பத்துக்கு முதலில் வரும் கேள்வி, எந்த ஊரில் போய்க் கேட்பது என்பதுதான். விபத்து நடந்தது கர்நாடகம். மேஸ்திரி தர்மபுரிக்காரர். கம்பெனியின் அலுவலகம் ஐதராபாத்திலோ மும்பையிலோ இருக்கும். இந்தக் கேள்விக்குச் சட்டத்தில் தெளிவான பதில் இருக்கிறது. அந்தப் பதில் வந்து சேர எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது என்பதால் அந்த வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம்.

1923க்கு முன்பு, வேலையில் செத்தவரின் குடும்பத்துக்கு இருந்தது 1855ஆம் ஆண்டின் உயிரிழப்பு விபத்துகள் சட்டம். முதலாளியின் தவறால்தான் சாவு நேர்ந்தது என்று உரிமையியல் நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். பாலமும் அணையும் கட்டி மடிந்த கூலிகளின் குடும்பங்கள் வக்கீல் வைத்து அதை நிரூபித்திருக்குமா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். 1923இல் நிறைவேறி 1924 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இதை மாற்றியது. யார் தவறு என்பது இனி அடிப்படைக் கேள்வி இல்லை. வேலையின் காரணமாக, வேலையின்போது காயம் நேர்ந்தால் முதலாளி பொறுப்பு. தொழிலாளி குடித்திருந்தார், பாதுகாப்பு விதியை மீறினார் என்ற வாதங்கள்கூட மரணம் நேர்ந்துவிட்டால் எடுபடாது.

ஆனால் அந்தச் சட்டம் எல்லோரையும் தொழிலாளி என்று ஏற்றுக்கொள்ளவில்லை. அதன் இரண்டாம் அட்டவணையில் கட்டடத்துக்கு ஓர் அளவுகோல் இருந்தது: ஒரு மாடிக்கு மேற்பட்டதாக இருக்க வேண்டும், அல்லது தரையிலிருந்து கூரை உச்சிவரை 12 அடியாவது இருக்க வேண்டும். அதற்குக் கீழே இருக்கும் சுவர் மேலே விழுந்து செத்தால் அந்த வரிக்குள் வரமாட்டார். இன்னொரு ஓட்டை அதைவிடப் பெரியது. தற்காலிகமாக, முதலாளியின் தொழிலுக்கோ வியாபாரத்துக்கோ தொடர்பில்லாத வேலைக்கு வைக்கப்பட்டவர் தொழிலாளியே அல்ல என்றது வரையறை. ஊர்ப் பண்ணையார் தன் பழைய வீட்டுச் சுவரை இடிக்கக் காலனியிலிருந்து நான்கு பேரைக் கூப்பிடுகிறார் என்றால் அது அவருடைய வியாபாரம் இல்லை, அந்த நால்வரும் நிரந்தர ஆட்களும் இல்லை. சாதி என்ற சொல்லை எழுதாமலேயே ஒரு சட்டம் யாரை வெளியே நிறுத்தும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நமக்குத் தெரியாது. இந்த வாசகம் 2000ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் நீக்கப்பட்டது.

அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தபோது, 1944இல், தொழிலாளர் சுகாதாரக் காப்பீடு பற்றிய அதார்க்கர் அறிக்கை வந்தது. அதன் தொடர்ச்சிதான் 1948இன் இ.எஸ்.ஐ. சட்டம். அது தொழிற்சாலைகளில் தொடங்கியது. கட்டுமானத் தளங்களில் வேலை செய்பவர்களுக்கு இ.எஸ்.ஐ. விரிவாக்கப்பட்டது 2015 ஆகஸ்டில். ஓசூர் சிப்காட்டில் இயந்திரத்தின் முன் நின்றவருக்குக் காப்பீடு இருந்த காலத்தில், அந்த இயந்திரம் நின்ற கட்டடத்தை எழுப்பியவருக்கு அது இல்லை. இன்றைக்கு ஒரு தளத்தில் விபத்து என்றால் இ.எஸ்.ஐ. பதிவு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இருந்தால் பலன் அங்கேதான் கிடைக்கும், இழப்பீட்டு ஆணையரிடம் அல்ல.

இனி ஊர்க் கேள்விக்கு வருவோம். 1923 சட்டத்தின் 21ஆம் பிரிவு, விபத்து நடந்த பகுதியின் ஆணையரிடம்தான் மனு செய்ய வேண்டும் என்றது. பெங்களூரில் புருஷனை இழந்த பெண், கைக்குழந்தையோடு ஒவ்வொரு வாய்தாவுக்கும் மாநில எல்லையைத் தாண்டிப் போக வேண்டும், கன்னடத்தில் நடக்கும் விசாரணைக்கு ஆள் பிடிக்க வேண்டும், அன்றைய கூலியையும் இழக்க வேண்டும். இரண்டு வாய்தாவில் வழக்கு செத்துவிடும். 1995ஆம் ஆண்டின் திருத்தம் இதை உடைத்தது. விபத்து நடந்த இடம், மனுதாரர் வழக்கமாக வசிக்கும் இடம், முதலாளியின் பதிவு அலுவலகம் இருக்கும் இடம் என்ற மூன்றில் எதை வேண்டுமானாலும் மனுதாரர் தேர்ந்தெடுக்கலாம் என்றானது. விபத்து நடந்த பகுதியின் ஆணையருக்கும் அந்த மாநில அரசுக்கும் அறிவிப்பு அனுப்புவது, மனுவைப் பெற்ற ஆணையரின் வேலை.

திருத்தம் வந்த பிறகும் முதலாளிகளும் காப்பீட்டுக் கம்பெனிகளும் "இங்கே வழக்குப் போட முடியாது" என்று வாதாடிக்கொண்டேதான் இருந்தார்கள். 2007இல் அனுமான் பிளான்டேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு விடை சொன்னது. பிழைப்புக்காக நாடெங்கும் போகும் புலம்பெயர் தொழிலாளர்களின் குடும்பங்கள், தாங்கள் வழக்கமாக வசிக்கும் இடத்திலேயே கேட்க வசதி செய்வதுதான் அந்தத் திருத்தத்தின் நோக்கம் என்று அது விளக்கியது. இது நமக்கு மட்டும் உரியதல்ல. 2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். ஓசூருக்கு இன்று வேலைக்கு வரும் பிகார், ஒடிசா, ஜார்க்கண்ட் தொழிலாளர்களுக்கும் இதே பிரிவுதான் துணை. அவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியவர்கள் நாம்.

நடைமுறையில் வழக்கு ஆணையர் வரைக்கும் போவதற்குள் பிணவறை வாசலிலேயே பேரம் தொடங்கிவிடுகிறது. மேஸ்திரி, உள்ளூர்ப் பிரமுகர், சில சமயம் நம் ஆள் ஒருவர், எல்லோரும் சேர்ந்து ஒன்றோ இரண்டோ லட்சத்தை விதவையின் கையில் வைத்து வெள்ளைத்தாளில் கைநாட்டு வாங்குவார்கள். 1923 சட்டத்தின் 8ஆம் பிரிவு இதைப் பற்றி முன்பே யோசித்திருக்கிறது. மரண இழப்பீட்டை ஆணையரிடம்தான் செலுத்த வேண்டும். குடும்பத்திடம் முதலாளி நேரடியாகக் கொடுத்த பணம் இழப்பீடாகவே கருதப்படாது. மூன்று மாதக் கூலி அளவுக்கு முன்பணம் கொடுத்திருந்தால் அதை மட்டும் கழிக்கலாம். உரிமையை விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கிய ஒப்பந்தம் 17ஆம் பிரிவின்படி செல்லாது. தாளில் கைநாட்டு வைத்துவிட்டோமே என்று குடும்பம் பயந்தால், இந்த இரண்டு பிரிவுகளையும் படித்துக் காட்டுங்கள்.

எவ்வளவு கிடைக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 2020 ஜனவரி முதல் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் மாதக் கூலியின் உச்சம் 15,000 ரூபாய். மரணத்துக்கு அதில் பாதியை வயதுக்கான காரணியால் பெருக்க வேண்டும். 30 வயதுக்குக் காரணி 207.98. ஆக 7,500 பெருக்கல் 207.98, அதாவது 15,59,850 ரூபாய். ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் 12 சதவீத வட்டி, தகுந்த காரணம் இல்லையென்றால் 50 சதவீதம் வரை அபராதம். பிணவறை வாசலில் கொடுக்கப்படும் தொகையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கொத்தனார் மாதம் இருபதாயிரத்துக்கு மேல் சம்பாதித்தாலும் 15,000 என்றே கணக்கிடுவது நியாயமா என்பது தனிச் சண்டை. அதையும் நடத்த வேண்டும்.

"அவன் எங்கள் ஆள் இல்லை, காண்ட்ராக்டர் ஆள்" என்பது கம்பெனியின் வழக்கமான பதில். 12ஆம் பிரிவு, தன் வழக்கமான தொழிலையே ஒப்பந்தக்காரரிடம் கொடுத்துச் செய்விக்கும் முதன்மை முதலாளியை நேரடியாகப் பொறுப்பாக்குகிறது. அவர் பணத்தைக் கட்டிவிட்டுக் காண்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ளட்டும். சொந்தக் குடியிருப்புக்காக வீடு கட்டுபவரிடம் இது பொதுவாகச் செல்லாது. அடுக்குமாடி கட்டி விற்பவரிடம் செல்லும்.

உயிர் பிழைத்தவர்களின் வழக்குகளில் ஒன்றை மட்டும் சொல்கிறோம். ஒடிசாவில் ஒரு சினிமா கொட்டகையில் வேலை செய்த தச்சர் 1968இல் விழுந்து இடது கையை இழந்தார். முதலாளி, இது பகுதி ஊனம்தான் என்று வாதாடினார். ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே சம்பாதிக்கும் திறன் முழுவதும் போய்விட்டது என்று ஆணையர் சொன்னதை 1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கு என்று தேடிப் படியுங்கள். விபத்து நடந்த நாளிலிருந்தே இழப்பீடு கடனாகிவிடுகிறது என்பதும் அதே தீர்ப்புதான்.

கட்டடத் தொழிலாளர் சங்கங்கள் 1980களில் நடத்திய நீண்ட இயக்கத்தால் தமிழ்நாட்டில் 1994இல் நல வாரியம் வந்தது, 1996இல் மத்தியச் சட்டம் வந்தது. வாரிய உதவி வேறு, முதலாளி தர வேண்டிய இழப்பீடு வேறு. வாரியத்தில் வாங்கிக் கொடுத்துவிட்டுக் கோப்பை மூடிவிடும் பழக்கம் நம்மிடையேயும் இருக்கிறது.

2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டத்தின் இடத்தில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 2020 நடைமுறைக்கு வந்திருக்கிறது. பிரிவு எண்கள் மாறிவிட்டன. மனுவில் எண் எழுதும் முன் புதிய சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லைப் பகுதிக்கு அதில் முக்கியமான வரி ஒன்று உண்டு. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் நேரும் விபத்தும், நேரம், இடம், சூழலுக்கு வேலையோடு தொடர்பு இருந்தால், வேலை விபத்தாகவே கொள்ளப்படும். பழைய சட்டத்தின் கீழும் இதுவே நிலை என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு காவலாளியின் வழக்கில் சொல்லிவிட்டது. அத்திப்பள்ளி சாலையில் விடியற்காலை கவிழும் வேனுக்கும் இனி இது பொருந்தும். அதற்கு அந்தத் தொடர்பை நிரூபிக்க வேண்டும். கூலி ஜிபேயில் வந்த பதிவு, மேஸ்திரி அனுப்பிய வாட்ஸப் குரல் செய்தி, தளத்தின் கேட் பாஸ், கூட ஏறியவர்களின் பெயர்கள், இவற்றை வேன் கிளம்பும் காலத்திலேயே சேர்த்து வைக்கும் வேலையை நம் படிப்பு வட்டங்கள் காலனி காலனியாக எடுத்துச் செய்யலாம்.