கம்பியின் மறுமுனையில் ஓர் ஆள்

கிராமங்களுக்கு அதிவேக இணையம் கொண்டுபோவது பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் கணக்கு கிலோமீட்டரில்தான் வருகிறது. இத்தனை லட்சம் கிலோமீட்டர் கண்ணாடி இழை, இத்தனை லட்சம் ஊராட்சிகள், இத்தனை ஆயிரம் கோடி ரூபாய். அந்தக் கணக்கைக் குறைசொல்ல வரவில்லை. ஆனால் கடந்த நாற்பது ஆண்டுகளில் தொலைபேசியும் இணையமும் நம் ஊர்களுக்குள் வந்த வரலாற்றைத் தொடர்ந்து பார்த்தால், அந்தக் கணக்கில் ஏறாத ஒன்று முன்னால் வந்து நிற்கிறது. இணைப்பு நிலைத்த ஊர்களில், அதைக் கொண்டு பிழைப்பு நடத்துகிற, அல்லது அது அறுந்தால் அன்றைய வேலையே நின்றுபோகிற ஒருவர் பெரும்பாலும் இருந்திருக்கிறார். அப்படி யாரும் இல்லாத இடங்களில், எவ்வளவு பெரிய திட்டமானாலும் மூலையில் கிடக்கும் பெட்டியாகத்தான் முடிந்திருக்கிறது.

1984-ல் சாம் பிட்ரோடாவின் முயற்சியில் சி-டாட் என்ற தொலைத்தொடர்பு ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டபோது எதிரே இருந்த சிக்கல் பொறியியல் சிக்கல். வெளிநாட்டுத் தொலைபேசி இணைப்பகங்களுக்குக் குளிரூட்டிய அறை வேண்டும். நம் ஊர்களிலோ மின்சாரமே வந்துவந்து போகும். வெயிலையும் புழுதியையும் தாங்கி, ஏ.சி. இல்லாமல் ஓடக்கூடிய சிறிய கிராம இணைப்பகத்தை அங்குள்ள இளம் பொறியாளர்கள் வடிவமைத்தார்கள். அது 1986-ல் கர்நாடகத்தின் கிட்டூரில் முதன்முதலாக நிறுவப்பட்டது. இந்த நாட்டுப் பொறியாளர்களின் பெரிய சாதனை அது. ஆனாலும் வீட்டில் தொலைபேசி வாங்க வழியில்லாத கோடிக்கணக்கானவர்களுக்கு அதன் பயனைக் கொண்டுசேர்த்தது எஸ்.டி.டி. பூத். பேசிய கட்டணத்தில் பூத்துக்காரருக்கு ஒரு பங்கு. பூத் ஒதுக்கீட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை. இரவில் கட்டணம் குறையும் நேரத்துக்காக மக்கள் காத்திருந்ததால் கடையும் இரவு வெகுநேரம் திறந்திருந்தது. எண்ணைப் படிக்கத் தெரியாதவருக்குப் பூத்துக்காரரே போட்டுக் கொடுத்தார். லைன் செத்தால் முதலில் தவித்தவரும், லைன்மேனைத் தேடிப் போனவரும் அவர்தான், ஏனென்றால் வருமானம் நின்றது அவருக்கு. இதே காலத்தில் எம்.ஏ.ஆர்.ஆர். என்ற வானொலி வழித் தொழில்நுட்பத்தில் ஊர்ப் பொதுத் தொலைபேசிகளும் ஏராளமாக வைக்கப்பட்டன. அவை பெருமளவில் பழுதாகி, பிற்பாடு தொலைத்தொடர்புப் பொதுச்சேவை நிதியிலிருந்து பணம் எடுத்து மாற்ற வேண்டியதாயிற்று. அந்தத் தொழில்நுட்பம் பலவீனமானது என்பது உண்மை. அது ஊமையாகிக் கிடந்தபோது நஷ்டப்பட யாரும் இல்லை என்பதும் அதே அளவுக்கு உண்மை.

இணையத்துக்கு வருவோம். 1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிப் பகுதியில் தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. வில்லியனூரில் மையம், அங்கிருந்து சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு வானொலி அலை வழியே தகவல் போயிற்று. இடத்தை ஊரே கொடுத்தது; நடத்தியவர்கள் பெரும்பாலும் ஊர்ப் பெண்கள். எம்பலத்தில் அந்த அறை கோயிலை ஒட்டி இருந்தது. கோயிலுக்குள் அனுமதிக்கப்படாதவர்களும் அந்த அறைக்குள் வரலாம் என்பது ஊர் ஒப்புக்கொண்ட ஏற்பாடு. வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து எடுத்த அலை உயரக் கணிப்பை ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். இன்றைய வேகத்தோடு ஒப்பிட்டால் அந்த இணைப்பு ஒன்றுமே இல்லை. ஆனால் 2004 டிசம்பர் 26 காலையில் சிங்கப்பூரிலிருந்து ஒருவர் தன் ஊரான நல்லவாட்டுக்குத் தொலைபேசியில் சுனாமி எச்சரிக்கை சொன்னபோது, அங்கே இத்திட்டத்தின் அறிவு மையத்தில் ஒலிபெருக்கி இருந்தது, அதைப் போடத் தெரிந்தவர்கள் இருந்தார்கள், அந்தக் குரலை நம்பிப் பழகிய ஊரும் இருந்தது. 3,000-க்கும் மேற்பட்டவர்கள் உயிர் தப்பினார்கள்.

ஊர்க்காரர் ஒருவரை வைத்தால் போதும் என்றால் மேலூர் ஏன் தோற்றது என்று கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். 2001 நவம்பரில் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் சாரி என்ற திட்டம் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு உருவாக்கிய கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பம்தான் அதன் முதுகெலும்பு; நொடிக்கு 35 அல்லது 70 கிலோபிட் வேகம். கிராமத்துக் கணினி மையங்களை உள்ளூர்க்காரர்களே நடத்தினார்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதியோர் உதவித்தொகை விண்ணப்பங்களை வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அங்கிருந்தே அனுப்ப முடிந்தது. சில ஆண்டுகளில் மையங்கள் பல மூடப்பட்டன. பின்னர் வந்த ஆய்வுகள் சொன்ன காரணங்களைக் கவனிக்க வேண்டும்: வருமானம் கட்டுப்படியாகவில்லை, பழுது பார்க்க ஆள் கிடைக்கவில்லை, திட்டத்தில் அக்கறை காட்டிய அதிகாரிகள் மாறிப்போனதும் சான்றிதழ் சேவை படுத்துவிட்டது. கணினிப் பயிற்சி பெற்ற உரிமையாளர்களின் மையங்கள் கூடுதல் காலம் தாக்குப்பிடித்தன என்பதும் அந்த ஆய்வுகளில் உண்டு. மேலூரில் ஆள் இருந்தார், ஆனால் அவர் விற்பதற்கு இருந்த ஒரே பெரிய சரக்கு அரசின் கையில் இருந்தது. அரசு அதை நிறுத்தியதும் அவருக்குப் பிழைப்பில்லை. பூத்துக்காரருக்கு அப்படியில்லை, அவருடைய சரக்கு மக்களின் பேச்சு.

தேனியில் நடந்தது இதை இன்னும் தெளிவாக்குகிறது. அரவிந்த் கண் மருத்துவமனையும் பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து, சாதாரண வைஃபை கருவிகளைத் திசைநோக்கிய ஆன்டெனாக்களோடு பொருத்தி, பல கிலோமீட்டர் தொலைவிலுள்ள கிராமப்புறப் பார்வை மையங்களை மருத்துவமனையோடு இணைத்தார்கள். நோயாளி மையத்தில் உட்கார்ந்தபடியே தேனியிலிருக்கும் மருத்துவரிடம் முகம் பார்த்துப் பேசினார். ஆரம்பத்தில் பெரிய எதிரி மின்சாரம்: அழுத்தம் ஏறி இறங்கியதில் கருவிகள் கெட்டன. ஆய்வாளர்கள் பாதுகாப்புக் கருவிகளை மேம்படுத்தியதோடு, அங்குள்ள பணியாளர்களுக்கே சோதிக்கவும் சரிசெய்யவும் கற்றுக்கொடுத்தார்கள். இணைப்பு இல்லாவிட்டால் அன்று வந்த நோயாளியைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்ற நிலை அவர்களைச் சும்மா இருக்க விடவில்லை.

இப்போது எல்லார் கையிலும் செல்பேசி இருக்கிறதே, இனி எதற்கு இடையில் ஓர் ஆள் என்பது அடுத்த மறுப்பு. 2016-க்குப் பிறகு டேட்டா மலிவானது கிராமங்களை மாற்றியது, அதை மறுக்க முடியாது. ஆனால் நெரிசலிலும் வேகம் குறையாமலிருக்கக் கோபுரத்துக்கே கண்ணாடி இழை வேண்டும். 2017-18 தேசிய மாதிரி ஆய்வின்படி ஊரகக் குடும்பங்களில் கணினி வைத்திருந்தவை 4.4 சதவீதம்தான். கொரோனா ஊரடங்கில் சிக்னல் தேடி மரமேறிய மாணவர்களின் படங்களை நாம் பார்த்தோம். ஒரு சிறிய திரையில் மூன்று பிள்ளைகள் படிக்க முடியாது. வீட்டுக்கும் பள்ளிக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் நிலையான இணைப்பு வேண்டும் என்பதற்காகத்தான் 2011 அக்டோபரில் மத்திய அமைச்சரவை, பின்னாளில் பாரத்நெட் என்று பெயர் பெற்ற திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. இலக்கு 2.5 லட்சம் ஊராட்சிகள். முதல் வடிவத்தில் இழை ஊராட்சி அலுவலகத்தோடு நின்றது. அங்கிருந்து தெருவுக்கு யார் கொண்டுபோவது என்பதைத் திட்டம் பிறரிடம் விட்டது. அந்தப் பிறர் பல இடங்களில் வரவே இல்லை. கணக்கில் தயார் என்று ஏறிய ஊராட்சிகள் பலவற்றில் பெட்டி அணைந்து கிடந்தது.

2023-ல் 1.39 லட்சம் கோடி ரூபாயில் திருத்தப்பட்ட திட்டம் வந்தபோது, உள்ளூர்த் தொழில்முனைவோர் வழியே வீடுகளுக்கு இணைப்பு கொடுத்து வருமானத்தைப் பங்கிடும் முறையும் அதில் இடம்பெற்றது. எஸ்.டி.டி. பூத்தின் ஏற்பாடேதான் இது. முப்பது ஆண்டு கழித்து வந்திருக்கிறது. தமிழ்நாட்டில் இதற்கு ஆள் தேட வேண்டியதில்லை. தொண்ணூறுகளிலிருந்து தெருத்தெருவாகக் கம்பி இழுத்து, மழையில் அறுந்ததை அன்றே முறுக்கி, மாதாமாதம் வீடேறிப் பணம் வசூலித்த கேபிள்காரர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களில் பலர் இன்று பிராட்பேண்டும் தருகிறார்கள். 12,525 ஊராட்சிகளுக்கு இழை கொண்டுபோகும் தமிழ்நாடு ஃபைபர்நெட் அவர்களை எந்த நிபந்தனையில் சேர்க்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். பத்துப் பதினைந்து வீடு மட்டுமே உள்ள மலைக்கிராமத்தில் எந்தப் பங்கீடும் ஒருவரின் குடும்பத்தைக் காப்பாற்றாது. அங்கே பராமரிப்புக் கூலியைப் பொதுச்சேவை நிதி நேரடியாகவே தர வேண்டும். தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருவாயிலிருந்து 2002 முதல் அந்த நிதிக்குப் பணம் சேர்ந்துவருகிறது. அதில் ஒரு பங்கை, இழுத்த கிலோமீட்டருக்குக் கொடுப்பதுபோல, ஒவ்வொரு மாதமும் உயிரோடிருக்கும் இணைப்புக்கும் கொடுக்கலாம்.