நிதி விண்ணப்பத்தில் சாதியைப் பெயர் சொல்லி எழுதுவோம்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, பெரம்பலூர் மாவட்ட மக்களில் சுமார் 31 விழுக்காட்டினரும் அரியலூரில் 23 விழுக்காட்டினரும் பட்டியல் சாதியினர். இம்மாவட்டங்களில் பணியாற்ற நிதி கோரும் முன்மொழிவு 'நலிந்த பிரிவினர்', 'பயனாளிகள்' என்ற சொற்களோடு நின்றுவிட்டால், உரிமைப் பணி தொண்டுப் பணியாகச் சுருங்கிவிடும். விண்ணப்பத்தில் இல்லாத சாதி, திட்டத்திலும் அறிக்கையிலும் இடம்பெறாது.

எனவே சிக்கலை விளக்கும் பகுதியைச் சட்டத்தின் மீது எழுப்புவோம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15-அ பிரிவு, தொண்டு நிறுவனங்கள், சமூகப் பணியாளர்கள், வழக்கறிஞர்கள் ஆகியோரின் உதவியைப் பெறுவதைப் பாதிக்கப்பட்டோரின் உரிமை என்கிறது. நாம் கேட்பது அந்த உரிமை நடைமுறைக்கு வருவதற்கான செலவையே.

இலக்குகளையும் சட்டமே தருகிறது. குற்றப்பத்திரிகை 60 நாட்களுக்குள் தாக்கலாக வேண்டும். விதி 17-இன்படி மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதங்களுக்கு ஒருமுறையேனும் கூட வேண்டும். கூட்டக் குறிப்புகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்ப் பெற்று, இன்றைய நிலையைத் தொடக்கப் புள்ளியாகக் காட்டலாம். 'விழிப்புணர்வு முகாம்கள் 20' என்பதைவிட, 'உரிய காலத்தில் தீருதவி பெற்ற குடும்பங்கள் எத்தனை' என்பதே பொருளுள்ள அளவுகோல்.

வரவு செலவுத் திட்டத்தில் கவனம் தேவை. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தம், நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைத்தது. சட்ட, தொழில்முறைக் கட்டணங்களை அச்சட்டத்தின் விதிகள் நிர்வாகச் செலவில் சேர்க்கின்றன. ஆகவே வழக்கறிஞர் கட்டணம் எந்தத் தலைப்பில் வரும் என்பதைத் தணிக்கையாளரிடம் தெளிந்த பின்பே எழுத வேண்டும். ஒரு நிறுவனம் பெற்ற வெளிநாட்டு நிதியை மற்றொன்றுக்கு மாற்றவும் தடை உண்டு. பெருநகர அமைப்பு வழியாகச் சிற்றூர் அமைப்புக்குப் பணம் வந்த பாதை இதனால் அடைபட்டது.

உள்நாட்டு வழிகளும் உள்ளன. நிறுவனங்கள் சட்டம் 2013-இன் ஏழாம் அட்டவணை, சமூக, பொருளாதார நிலையில் பின்தங்கிய பிரிவினர் எதிர்கொள்ளும் ஏற்றத்தாழ்வுகளைக் குறைக்கும் பணியைச் சமூகப் பொறுப்பு நிதிக்குரியதாக ஏற்கிறது. நிறுவனம் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமையும் அச்சட்டம் கோருகிறது. சிமெண்ட் ஆலைகள் நிறைந்த அரியலூரில் இவ்விதிகளைச் சுட்டிக் கேட்கலாம். ஆனால் ஆலைக்கு எதிராக மக்கள் போராடும் ஊரில் அந்நிதியை ஏற்கலாமா என்பதை அம்மக்களே முடிவு செய்ய வேண்டும்.

இறுதியாக, பாதிக்கப்பட்டோரின் பெயர், ஊர், ஒளிப்படம் எதையும் விண்ணப்பத்தில் சேர்க்கலாகாது. வழக்கு நடக்கும்போது அவர்களின் பாதுகாப்பைவிட எந்த நல்கையும் பெரிதன்று.