விலைக்கு வந்த உரையாடல்

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த லூசியன் என்னும் எழுத்தாளர், கணிகையரின் வாழ்வைப் பொருளாகக் கொண்டு கிரேக்க மொழியில் 15 சிறு உரையாடல்களை எழுதிவைத்துள்ளார். அவற்றுள் ஒன்றிலே குரோபிலி என்னும் கைம்பெண் தன் மகள் கொரின்னாவுக்கு அறிவுரை கூறுகின்றாள். அவளுடைய கணவன் பிரேயஸ் துறைமுகத்திலே பெயர் பெற்ற கொல்லன். அவன் இறந்தபின் பட்டடையையும் குறட்டையும் சம்மட்டியையும் விற்றுச் சிறிது காலம் உண்டார்கள். அதன் பின்னர் நூல் நூற்றும் துணி நெய்தும் தாய் பிள்ளையை வளர்த்தாள். இனி விற்பதற்கு மகளைத் தவிர வேறொன்றுமில்லை. இந்த இக்கட்டிலே தாய் கற்பிக்கும் பாடம் அழகைக் காட்டிலும் பழகும் முறையையே பெரிதும் பற்றியது. அயலிலுள்ள லைரா என்னும் பெண்ணை அவள் உதாரணங் காட்டுகின்றாள். லைரா எல்லோருக்கும் இன்முகங் காட்டுவாள்; ஆனால் எடுத்ததற்கெல்லாம் சிரிக்கமாட்டாள். வந்தவரை ஏமாற்றமாட்டாள், விருந்திலே அளவோடு உண்பாள், பேச்சறிந்து பேசுவாள். ஆகவே அவள் வாழ்கின்றாள்.

பேச்சும் முகமலர்ச்சியும் விற்பனைப் பொருள்களாவது எத்துணைப் பழமையானது என்பதற்கு இக்காட்சி சான்று. அப்பொருள்களின் பின்னே பசி நின்றதற்கும் இதுவே சான்று.

இன்று இணையத்திலே சந்தாக் கட்டணம் பெற்று வயதுவந்தோருக்கான படங்களையும் காட்சிகளையும் வழங்குவோர் ஒரு பெருந்தொகையினராகிவிட்டனர். அவர்களுள் யார் சந்தாதாரரின் கடிதத்துக்கு உடன் மறுமொழி எழுதுகிறார், யார் பெயர் சொல்லி அழைக்கிறார், யார் பணத்தை வாங்கிக்கொண்டு வாளாவிருக்கிறார் என்று ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் எழுத்துக்களும் பெருகியுள்ளன. இப்பொருளைப் பேசக் கூசுவோர் நம்மிடையே இருப்பர். கூச்சம் ஒருவருடைய சொந்த விஷயம். ஆனால் இலட்சக்கணக்கானோரின் உழைப்பும் கோடிக்கணக்கானோரின் தனிமையும் சந்திக்குமிடத்தைச் சமுதாய வரலாறு பயில்வோர் கண்மூடிக் கடந்துவிட முடியாது. ஒப்பிடுவதே தவறென்பது நமது கருத்தன்று. எந்த அளவுகோலைக் கொண்டு, யாருடைய நலன் கருதி ஒப்பிடுகிறோம் என்பதே கேள்வி.

வாங்குவோனின் அளவுகோல் நெடிய வரலாறு உடையது. நமது உரையாசிரியர்கள் கூடப் பரத்தையரைக் காதற்பரத்தை, இற்பரத்தை, சேரிப்பரத்தை என வகுத்தபோது தலைவனோடு அவர்கள் கொண்ட உறவையே அடிப்படையாகக் கொண்டனர். இங்கிலாந்திலோ இந்த அளவுகோல் அச்சேறி அங்காடிக்கே வந்துவிட்டது. 1757ஆம் ஆண்டு முதல் 1795 வரை, இலண்டனிலே 'ஹரிஸின் கொவென்ற் கார்டன் பெண்கள் பட்டியல்' என்றொரு சிறுநூல் ஆண்டுதோறும் வெளிவந்தது. விலை இரண்டரைச் சிலிங். பெண்ணின் பெயர், இருப்பிடம், வயது, தோற்றம், குணம், பேச்சுவன்மை, கட்டணம் என்பன அதிலே குறிக்கப்பட்டன. இன்னாள் இனிமையாகப் பேசுவாள், இன்னாள் குடித்தால் வாய் கெட்டவள் என்ற பாங்கிலே அமைந்த குறிப்புக்கள் அவை.

இந்நூலை முதலில் எழுதியவர் சாமுவேல் டெரிக் என்பவர். டப்ளினிலே பிறந்து, கவிஞனாக வேண்டுமென்று இலண்டன் வந்து, கடனிலே அமிழ்ந்தவர். ஹரிஸ் என்பதோ கொவென்ற் கார்டன் மதுக்கடையொன்றில் தரகு செய்தவனின் பெயர். தரகனுடைய பெயரில் வறிய எழுத்தாளன் எழுத, பதிப்பாளன் இலாபம் பெற்றான். பட்டியலிலே இடம் பெற்ற பெண்ணுக்கு அதன் வாசகம் மீது எவ்வித உரிமையும் இருக்கவில்லை. ஒருத்தியின் பேச்சைப் பற்றிப் பிறர் எழுதி விற்ற இந்த ஏற்பாடு நமது கவனத்துக்குரியது. ஏனெனில், அடுத்துவந்த நூற்றாண்டுகளிலே இதே ஏற்பாடு ஒருபடி மேலே சென்றது: அவளுடைய பேச்சையே பிறர் எழுதத் தொடங்கினர்.

அதைக் காண நாம் பிரான்சுக்குச் செல்லவேண்டும். தொலைபேசிக் கம்பியோடு இணைத்து எழுத்துக்களைத் திரையிலே காட்டும் 'மினிற்றெல்' என்னும் சிறு கருவியைப் பிரெஞ்சு அரசின் தபால் தந்தித் துறை 1982இல் வீடுகளுக்கு இலவசமாக வழங்கத் தொடங்கியது. தொலைபேசி விபரக்கொத்தைப் பார்ப்பதற்காகவே அது தரப்பட்டது. ஆனால் மக்கள் அதைப் பிறரோடு பேசுவதற்கே விரும்பினர். ஸ்ராஸ்பேர்க் நகரிலே ஒரு பத்திரிகை நடத்திய சேவையில் இந்த வேட்கை முதலில் வெளிப்பட்டது. 1984இல், பயன்படுத்திய நேரத்துக்கேற்பத் தொலைபேசிப் பட்டியலிலே கட்டணம் அறவிடும் முறை வந்தது. ஏறத்தாழ நிமிடத்துக்கு ஒரு பிராங்க் வீதம் பெறப்பட்ட பணத்தில் ஒரு பங்கை அரசு வைத்துக்கொண்டு மிகுதியைச் சேவை நடத்துவோருக்குக் கொடுத்தது.

நிமிடம் காசாகியதும் உரையாடலை நீட்டுவது ஒரு தொழிலாகியது. 'ரோஜா வண்ண அஞ்சல்' என்று அழைக்கப்பட்ட காமச் சேவைகளின் விளம்பரங்கள் பாரிஸ் நகரச் சுவர்களை நிறைத்தன. அச்சேவைகளிலே கூலிக்கு அமர்த்தப்பட்டவர்கள், பெரும்பாலும் இளைஞரும் மாணவரும், ஒரே வேளையில் பல திரைகளின் முன்னிருந்து பெண்களின் பெயரிலே மறுமொழி எழுதினர். எழுதியவர் பலர் ஆண்கள். மறுமுனையிலிருந்தவன் தான் ஒரு பெண்ணோடு உறவாடுவதாக எண்ணி நிமிடங்களைக் கொடுத்தான். 2012 ஜூன் 30ஆம் நாள் மினிற்றெல் மூடப்பட்டது. ஆனால் அங்கே பிறந்த கூலி எழுத்து மூடப்படவில்லை.

இதற்கு நேர்மாறான ஓர் இடைக்காலத்தையும் நாம் குறிப்பிடவேண்டும். 1995இல் டனி ஆஷ் என்னும் அமெரிக்க நடனமாது, இணையக் கலந்துரையாடற் குழுக்களிலே தன் இரசிகரோடு பேசிப் பழகியபின், இணையப் பக்கம் அமைக்கும் முறையை நூலொன்றைப் படித்துத் தானே கற்று, தனது சொந்தத் தளத்தை நிறுவினார். சந்தா அவருக்கே சென்றது. மறு ஆண்டு, பென்சில்வேனியா மாநிலத்துக் கல்லூரி மாணவி ஜெனிபர் ரிங்லி தமது அறையிலே ஒரு கமராவைப் பொருத்தித் தம் அன்றாட வாழ்வைப் படங்களாக உலகுக்குக் காட்டினார். பிற்பாடு சந்தா கட்டியவருக்குப் படங்கள் விரைந்து வந்தன, அவ்வளவே வேற்றுமை. 2003ஆம் ஆண்டின் இறுதியில் அதை அவர் நிறுத்திவிட்டார். இவ்விருவரின் செயலையும் ஒருவர் விரும்பலாம், விரும்பாது விடலாம். ஆயின் கருவி அவர்கள் கையில் இருந்தது. சொல்லும் அவர்களுடையதாக இருந்தது. கொல்லனுக்குப் பட்டடை எவ்வாறோ அவ்வாறு அத்தளம் அவர்களுக்குச் சொந்தம்.

2016இல் இலண்டனிலே 'ஒன்லிபான்ஸ்' என்னும் தளம் ரிம் ஸ்ரோக்லி என்பவரால் தொடக்கப்பட்டபோது பட்டடை கைமாறியது. 2018இல் அதன் பெரும்பங்கை லியொனிட் ரட்வின்ஸ்கி என்னும் செல்வர் வாங்கினார். விதி எளிது: சந்தாதாரர் கொடுக்கும் ஒவ்வொரு டொலரிலும் 20 சதம் கொம்பனிக்கு, 80 சதம் படைப்பவருக்கு. 2020இல் பெருந்தொற்று உலகை வீட்டுக்குள் அடைத்தபோது வேலை இழந்தோர் பலர் இங்கே வந்தனர்; தனிமையுற்றோர் அவர்களைத் தேடி வந்தனர். 2023 நவம்பரில் முடிந்த கணக்காண்டிலே சந்தாதாரர் செலவிட்டது ஏறத்தாழ 660 கோடி டொலர். படைப்போர் கணக்குகள் 41 இலட்சம். சந்தாதாரர் கணக்குகள் 30 கோடிக்கு மேல். கொம்பனியின் நேரடி ஊழியரோ 50 பேருக்கும் குறைவு. அந்த ஆண்டில் உரிமையாளர் பெற்ற இலாபப் பங்கு 47 கோடி டொலருக்கு மேல்.

இந்த எண்களை வகுத்துப் பார்ப்போம். 660 கோடியில் நூற்றுக்கு எண்பது 528 கோடி. அதை 41 இலட்சம் கணக்குகளுக்குச் சமமாகப் பகிர்ந்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,300 டொலர், மாதத்துக்கு 110 டொலர் கூட இல்லை. ஆனால் பங்கீடு சமமாக நிகழ்வதில்லை. 2020 ஓகஸ்டில் பெல்லா தோர்ன் என்னும் நடிகை சேர்ந்த முதல் நாளிலேயே பத்து இலட்சம் டொலர் ஈட்டினார். அதையடுத்த நாள்களில் ஒரு செய்திக்குப் பெறக்கூடிய விலைக்கும் அன்பளிப்புக்கும் கொம்பனி உச்சவரம்பு விதித்தது. அவர் காரணமல்லர் என்று கொம்பனி கூறிற்று. எனினும் நட்டம் சிறியவர்கள் தலையிலே விழுந்தது. 2021 ஓகஸ்ட் 19ஆம் நாள், வெளிப்படையான பாலியற் படைப்புக்களைத் தடைசெய்யப் போவதாகக் கொம்பனி அறிவித்தது. 25ஆம் நாள் அதைக் கைவிட்டது. அந்த ஆறு நாள்களிலே எத்தனையோ குடும்பங்களின் வருவாய் அந்தரத்தில் தொங்கியது. பட்டடை பிறனுடையதாயின் உலையை அணைக்கும் உரிமையும் அவனுடையதே.

இப்போது இரசிகரோடு பழகும் முறைக்கு வருவோம். இங்கே மூன்று வகையினரைக் காண்கிறோம். முதல் வகையினர் தாமே எழுதுவோர். சந்தாதாரர் சிலராயிருக்கும் வரை பெயரறிந்து, நலம் விசாரித்து, நள்ளிரவிலும் மறுமொழி கொடுக்கின்றனர். இரண்டாம் வகையினர் எல்லோருக்கும் ஒன்றையே அனுப்புவோர். தனி உரையாடல் இல்லை என்பதை வெளிப்படையாகக் கூறுவோரும் இவர்களுள் உளர். மூன்றாம் வகையினர் முகவர் நிறுவனங்களிடம் தம் பெயரை ஒப்படைத்தோர். படம் அவர்களுடையது, பேச்சு கூலிக்காரருடையது.

சந்தாவைக் காட்டிலும் தனிச் செய்திகளின் வழியாக வரும் பணமே மிகுதியாகிவிட்டதால் மூன்றாவது முறை வளர்கிறது. ஆயிரம் பேருக்கு ஒருத்தி நாள்தோறும் எழுத முடியாது. சந்தையோ எழுதச் சொல்கிறது. அந்த முரண்பாட்டின் நடுவே முகவர் நுழைகின்றார். 2022இல் நியூ யோர்க் ரைம்ஸ் வார இதழ் இந்த முகவர் தொழிலை விரிவாக எழுதியது. பிலிப்பைன்ஸ் முதலிய நாடுகளிலே மணிக்குச் சில டொலர் கூலிக்கு இளைஞர்கள் திரைமுன் அமர்ந்து, தாம் ஒருபோதும் கண்டிராத பெண்ணின் பெயரிலே அன்பு மொழி எழுதுகின்றனர். மிகுந்த 80 சதத்தில் பாதியை முகவர் எடுப்பதும் உண்டு. 2024இல், இவ்வாறு ஏமாற்றப்பட்டோமென்று சந்தாதாரர் சிலர் கலிபோர்னியா நீதிமன்றத்திலே வழக்குத் தொடுத்தனர். மினிற்றெல் கால மாணவனின் நாற்காலியில் மணிலா நகரத்து இளைஞன் அமர்ந்திருக்கிறான். அவனுடைய நாற்காலிக்கும் இப்போது போட்டியாகக் கணினியே எழுதும் இயந்திர உரையாடல் வந்துவிட்டது.

அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹொக்ஷைல்ட் 1983இல் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து 'உணர்ச்சி உழைப்பு' என்ற கருத்தை வகுத்தார். சிரிப்பும் பரிவும் வேலையின் பகுதியாகும்போது தொழிலாளி தன் உள்ளத்தையே கருவியாக்கவேண்டியுள்ளது என்பது அவர் காட்டிய உண்மை. இப்பொருளிலே அவ்வுண்மை மேலும் ஓரடி செல்கின்றது. ஒருத்தியின் பரிவு என்று விற்கப்படுவது உண்மையில் மூவருடைய உழைப்பு: முகங் காட்டுபவளின் உழைப்பு, எழுதுபவனின் உழைப்பு, சந்தா கட்டுவதற்காகத் தொழிற்சாலையிலோ அலுவலகத்திலோ உழைத்துவிட்டு வெறும் வீட்டுக்குத் திரும்பும் அந்தச் சந்தாதாரனின் உழைப்பு. மூவரும் ஒருவரையொருவர் அறியார். மூவரையும் அறிந்த கணக்கேடு ஒன்றே உண்டு; அது கொம்பனியினுடையது.

எனவே, யார் நன்றாகப் பழகுகிறார் என்று வரிசைப்படுத்துபவர்கள் பாதி வேலையையே செய்கின்றனர். விரைவாக மறுமொழி தருபவளுக்கு அவர்கள் முதலிடம் கொடுக்கின்றனர். இடைவிடாமல், எந்நேரமும், எல்லோருக்கும் விரைந்து மறுமொழி தருவது ஒரு மனிதப் பிறவிக்கு இயலாதது. ஆகவே முதலிடம் பெரும்பாலும் கூலி எழுத்துக்கே போய்ச் சேரும். நாள் முழுதும் பேச இயலாதென்று சொல்லும் நேர்மையாளருக்குக் கீழிடமே கிட்டும். வாங்குவோனின் அளவுகோல் வாங்குவோனையே ஏமாற்றுகின்றது.

வேறு அளவுகோல் ஒன்று வேண்டும். எழுதும் கை யாருடையது? அக்கைக்குக் கிடைக்கும் கூலி எவ்வளவு? 'இன்று இயலாது' என்று சொல்லும் உரிமை அவளுக்கு உண்டா? தளத்தின் விதிகள் மாறும்போது அவளைக் கேட்பார் உளரா? இக்கேள்விகளை முன்வைத்து ஒப்பிட்டால், நல்லவள் கெட்டவள் என்ற பேச்சு ஓய்ந்து, நல்ல ஏற்பாடு எது, தீய ஏற்பாடு எது என்ற பேச்சுத் தொடங்கும். ஒழுக்கம் பேசுவோர் பெண்ணைத் தூற்றிவிட்டு அமைகின்றனர். வணிகம் பேசுவோர் அவளைத் தொழிலதிபர் என்று புகழ்ந்துவிட்டு அமைகின்றனர். இரு சாராரும் கணக்கேட்டைத் திறப்பதில்லை. அதைத் திறந்து காட்டுவதே வரலாறு எழுதுவோரின் கடமை என நாம் கருதுகிறோம்.