சுவாசக் குழாய் அகற்றலும் இரைப்பை அல்ட்ராசவுண்டும் (குழந்தைகள்)

வென்டிலேட்டரில் இருக்கும் குழந்தையின் சுவாசக் குழாயை எடுப்பதற்கு முன், இரைப்பையில் பால் எவ்வளவு மீந்திருக்கிறது என்று படுக்கையருகிலேயே ஸ்கேன் செய்து பார்த்து, பட்டினி நேரத்தை முடிவுசெய்யும் முறை.

குழாயை உருவும்போது குழந்தை இருமும், குமட்டும். வயிற்றிலுள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடலாம். அதனால் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பல மணி நேரம் முன்பே பாலை நிறுத்துவது வழக்கம். தாய்ப்பாலுக்கு 4 மணி, திட உணவுக்கு 6 மணி என்ற விதியோ, திட்டமிட்ட அறுவைக்கு வரும் குழந்தைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. கடும் நோயிலும், மார்ஃபின் போன்ற மருந்துகளாலும் இரைப்பை மந்தமாகும். ஆகவே கடிகாரத்தை மட்டும் நம்ப முடியாது. குழாய் எடுப்பது தள்ளிப்போனால் பட்டினியும் நீளும். ஏற்கெனவே மெலிந்த குழந்தைக்கு அது சிறிய இழப்பல்ல.

ஸ்கேன் செய்யும்போது மேல்வயிற்றில், ஈரலின் இடது மடலை ஒட்டி, இரைப்பையின் கீழ்ப்பகுதியான ஆன்ட்ரம் தெரியும். குழந்தையை வலப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்தால் திரவம் அங்கே வந்து சேரும். காலியாக இருந்தால் சுவர்கள் ஒட்டி, வட்டத்துக்குள் வட்டமாகத் தெரியும். தண்ணீர் கறுப்பாகவும் பால் சாம்பல் வெண்மையாகவும் தெரியும். ஆன்ட்ரத்தின் குறுக்குவெட்டுப் பரப்பையும் வயதையும் கொண்டு இரைப்பையிலுள்ள திரவத்தின் அளவைக் கணிக்கும் சூத்திரம் 2015இல் வெளியானது. கிலோ எடைக்கு 1.25 மி.லி.க்கு மேல் திரவமோ, கெட்டியான உணவோ இருந்தால் பொதுவாக ஆபத்தாகக் கருதப்படும். இந்த அளவுகோல் மயக்கவியலிலிருந்து வந்தது.

வாயு நிறைந்த வயிறும் அறுவைக் கட்டும் படத்தை மறைக்கும். இரைப்பை காலியாக இருந்தாலும், விழுங்கும் திறனையும் தொண்டை வீக்கத்தையும் தனியே சோதிக்க வேண்டும்.