லார்சனி: பணம் எடுத்த கேஷியர் திருடன் இல்லையாம்!

ஆங்கில நாவல்களிலும் அமெரிக்கச் செய்திகளிலும் 'லார்சனி' என்ற சொல் அடிக்கடி கண்ணில் படும். அகராதியைப் புரட்டினால் 'திருட்டு' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். ஆனால் விஷயம் அவ்வளவு சுலபம் இல்லை.

லத்தீனில் 'லாட்ரோ' என்றால் கூலிப்படை வீரன். அதற்கே பிறகு கொள்ளைக்காரன் என்றும் பொருள் வந்துவிட்டது (கூலிப்படையின் லட்சணம் அப்படி!). அந்தச் சொல் பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்கு வந்து லார்சனி ஆனது. அங்குள்ள பழைய சட்டத்தில் அதற்குப் பொருள், அடுத்தவர் வசம் உள்ள பொருளை அவர் சம்மதமின்றி அபகரித்துச் செல்வது. அந்த 'வசம்' என்பதில்தான் எல்லாச் சிக்கலும்.

1473-ல் ஒரு வழக்கு. சவுத்தாம்ப்டனுக்குக் கொண்டுபோகச் சொல்லி ஒரு வெளிநாட்டு வணிகர் கொடுத்த மூட்டைகளை, ஏற்றிச் சென்றவரே வழியில் பிரித்துச் சரக்கை எடுத்துக்கொண்டார். நம்பி ஒப்படைத்த பொருள் அவர் வசம்தானே இருக்கிறது, பிறகு திருட்டு எப்படி? நீதிபதிகள் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மூட்டைதான் அவர் வசம், உள்ளே இருக்கும் சரக்கு அவர் வசம் இல்லை. பிரித்தார், ஆகவே குற்றவாளி! அப்படியானால் பிரிக்காமல் மூட்டையோடு விற்றிருந்தால்? தப்பித்திருப்பார்.

எங்களைப் போன்ற பி.காம். ஆட்களுக்குச் சுவையானது 1799-ல் நடந்தது. லண்டனில் ஜோசப் பேஸ்லி என்ற வங்கி கேஷியர், வாடிக்கையாளர் ஒருவர் கொடுத்தனுப்பிய 137 பவுண்டைக் கணக்கில் ஒழுங்காக வரவு வைத்தார். அதில் இருந்த 100 பவுண்டு நோட்டை மட்டும் பையில் போட்டுக்கொண்டார். லெட்ஜரில் ஒரு பிழையும் இல்லை! ஆனால் அந்த நோட்டு வங்கியின் பெட்டிக்குள் போகவே இல்லை. அதாவது வங்கியின் வசம் வரவே இல்லை. ஆகவே லார்சனி இல்லை என்பது நீதிபதிகளின் கருத்து. அவருக்கு மன்னிப்பும் கிடைத்தது. அதே ஆண்டு பாராளுமன்றம் அவசரமாகத் தனிச் சட்டம் போட்டது. நம் பத்திரிகைகள் 'கையாடல்' என்று எழுதுகிறார்களே, அந்தக் குற்றம் இப்படித்தான் அங்கே லார்சனியிலிருந்து பிரிந்து தனியாக நின்றது.

இப்படி மயிரிழை பிளந்ததைக் கேலி செய்யத் தோன்றும். ஆனால் அந்தக் காலத்தில் 12 பென்ஸுக்கு மேல் திருடினால் அது 'கிராண்ட் லார்சனி', சட்டப்படி மரண தண்டனைக்குரிய குற்றம். திருடிய பொருளின் மதிப்பை ஜூரிகளே வேண்டுமென்றே குறைத்துச் சொல்லிப் பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறார்கள். 'வசம்' பற்றிய வாதமும் ஒருவரின் கழுத்தைப் பற்றிய வாதம்தான்.

கிராண்ட், பெட்டி என்ற பிரிவினையை 1827-ல் இங்கிலாந்து கைவிட்டது. 1968-ல் லார்சனி என்ற சொல்லையே திருட்டுச் சட்டத்திலிருந்து தூக்கிவிட்டது. அமெரிக்கா விடவில்லை. நியூயார்க்கில் 1000 டாலருக்கு மேல் போனால் இன்றும் கிராண்ட் லார்சனிதான். அங்கே கையாடலும் அதற்குள் அடக்கம். பேஸ்லி அங்கே மாட்டியிருப்பார்.