கோஸ்தானில் ஸ்தானம் இல்லை

மலேசியாவின் பந்திங் வட்டாரத்துச் செம்பனை ஆலை ஒன்றின் வாசலில் சற்று நேரம் நின்றால் போதும், இந்தச் சொல் காதில் விழும். குலை ஏற்றிய லோரி மெல்லப் பின்னால் நகரும். உதவியாள் பக்கத் தகட்டைத் தட்டித் தட்டி, "கோஸ்தான், கோஸ்தான்... வா, வா... போதும்!" என்பார். கொடுத்த வாக்கிலிருந்து நழுவுகிறவனும் 'கோஸ்தான் அடிச்சிட்டான்'.

அன்பர் ஒருவர் இதற்கு மூலம் கண்டுவிட்டார். 'கோ' என்றால் போ. 'ஸ்தானம்' என்றால் இடம். ஆகவே 'பழைய இடத்துக்கே போ' என்று பொருளாம். ஆங்கிலத் தலைக்கு வடமொழி உடலா? வடசொல் வடவெழுத்தை நீக்கியே தமிழுக்குள் வரவேண்டும் என்பது தொல்காப்பிய எச்சவியல். ஸ்தலம் தலமாயிற்று; ஸ்தம்பம் தம்பமாயிற்று; ஸ்தானமும் தானமாயிற்று. 'ஸ்தான்' ஆனதாகக் காணோம். ஈற்று 'அம்' எங்கே போயிற்று என்பதற்கும் அன்பரிடம் விடையில்லை.

சொல் கப்பலிலிருந்து இறங்கியது. கலத்தின் பின்புறம் ஆங்கில மாலுமிக்கு 'ஸ்டெர்ன்'. 'கோ அஸ்டெர்ன்' என்றால் பின்னோக்கிச் செலுத்து. அதன் எதிர்ச்சொல் 'கோ அஹெட்'. மேல்தட்டிலிருந்து எந்திர அறைக்கு ஆணை போகும் பித்தளை வட்டில் இவ்விரு திசையும் இரு பாதியாகப் பொறித்திருக்கும். கைப்பிடியைத் தள்ளினால் கீழே மணி அடித்து, முள் நகரும். புறநானூறு 66இல் வெண்ணிக்குயத்தியார் பாடும் கரிகாலனின் முன்னோன் காற்றையே ஏவல்கொண்டவன்தான்; ஆனால் பாய்க்கலத்தைப் பின்னோக்கிச் செலுத்துவது அரிய வித்தை. நீராவிக் கப்பலுக்கோ அது துறைதோறும் அன்றாட வேலை. ஆகவே நீராவிக் காலத்துக்கு முன்னே இச்சொல்லைத் தேடுவது வீண்.

ஆங்கிலேயன் வாயிலிருந்து நேரே வந்ததா? இல்லை. ஆங்கில 't' ஒலி நமக்கு டகரமாகும்: ஸ்டேஷன், ஸ்டோர். மலாயில் அதே ஒலி தகரமாகும்: ரப்பரைக் குறிக்கும் 'கெத்தா' கித்தாவானது, இவ்வூரே பந்திங்தான், பண்டிங் அன்று. 'கோஸ்தான்' தகரத்தோடு நிற்கிறது. மலாய் மாலுமி நாவில் தேய்ந்த பிறகே நம்மிடம் வந்திருக்கிறது. மலாய்க்காரர் நம் 'கப்பல்' என்ற சொல்லைக் 'காப்பல்' என்று எடுத்துக்கொண்டார்கள். நாம் அதைப் பின்னோக்கிச் செலுத்தும் ஆணையை வாங்கிக்கொண்டோம்.

கடற்சொல் தோட்டத்துக்கு எப்படி வரும் என்பார்க்குத் 'தண்டல்' ஒன்றே சான்று. படகின் தலைவனைக் குறித்த அச்சொல், இங்கே தோட்டத்தில் ஆள்களை மேய்ப்பவனுக்குப் பெயராயிற்று. நாகப்பட்டினத்திலிருந்து 'ரஜுலா' முதலிய கப்பல்கள் நம்மவரை இறக்கிய துறை, 1901இல் திறந்த போர்ட் சுவெட்டன்ஹாம். 1972 முதல் அது போர்ட் கிள்ளான். பந்திங்குக்குப் பக்கத்துத் துறை.

இன்னொன்று. பின்வாங்கு, முன்னேறு, புறங்கொடு, கைவிடு என்று தமிழ் அடையை முன்னே வைத்து வினையைக் கடைசியில் நிறுத்தும். ஆங்கிலம் வினையை முன்னே வைக்கும். தலைகீழாய் வரும் அந்தக் கூட்டுவினையில் தமிழ்க் காது வினையையே காண்பதில்லை. முழுதாய்ப் பெயராக்கி, தன் வினையொன்றைப் பின்னால் பூட்டிவிடும். கோஸ்தானுக்கு 'அடி' வாய்த்தது.

சுவெட்டன்ஹாம் துறையில் மலாய் மாலுமி சொல்லத் தமிழ்த் தண்டல் கேட்டுத் தோட்டத்துக்குக் கொண்டுவந்த சொல் இது என்பதே என் துணிபு. ஸ்தானம் தேடுவோர் வேறு சொல்லில் தேடட்டும்.